மூளையில் புழுக்கட்டி, ஈரலில் நீர்க்கட்டி: நாடாப்புழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், அவர்கள் வீட்டார், பன்றி வளர்ப்பவர்கள், நாய் வளர்ப்பவர்கள் என்று பலரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவு சொல்லியிருப்பது மருத்துவர் எழுதித் தந்த சீட்டைப் புரிந்துகொள்வதற்குத்தான். நீங்களே வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது 11ஆம் பதிலில் இருக்கிறது.

1. வயித்துல பூச்சின்னு சொல்றாங்களே, நாடாப்புழு அதுதானா?

பூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் கீரிப்பூச்சி, உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு எல்லாம் அடக்கம். நாடாப்புழு தட்டையாக, துண்டு துண்டாகக் கோத்தது போல நீளும். மனிதக் குடலில் வளரும் பன்றி நாடாப்புழு 2 முதல் 4 மீட்டர் வரை இருக்கும், சில நேரம் அதற்கும் மேல். தலைப்பகுதியில் உள்ள உறிஞ்சிகளாலும் கொக்கிகளாலும் குடல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கும். முதிர்ந்த வால்பக்கத் துண்டுகள் கழன்று மலத்தோடு வெளியேறும். ஒவ்வொரு துண்டிலும் ஆயிரக்கணக்கில் முட்டைகள் இருக்கும்.

2. பன்றிக்கறி சாப்பிட்டா மூளையில புழு வருமா?

நேரடியாக வராது. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் மற்ற பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். புழு மனிதனுக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. இரண்டிலும் உள்ளே போகும் பொருளும் வேறு, வரும் நோயும் வேறு.

முதல் வழி கறி. நோயுள்ள பன்றியின் தசையில் இளம்புழு ஒரு சிறு நீர்ப்பைக்குள் சுருண்டு கிடக்கும். அந்தக் கறியை வேகாமல் தின்றால் இளம்புழு குடலில் ஒட்டிக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முழு நாடாப்புழுவாகிறது. அது குடலிலேயே தங்கும், மூளைக்குப் போகாது.

இரண்டாவது வழி மலம். குடலில் நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. கழுவாத கை, அசுத்த நீர், மலம் கலந்த மண் வழியாக அந்த முட்டை இன்னொருவர் வாய்க்குள் போனால், குடலில் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசை, கண், தோலடி, மூளை என்று எங்கும் போய்க் கட்டியாகத் தங்கும். மூளையில் தங்கினால் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என்கிறார்கள். பன்றிக்கும் இதே முறையில்தான் நோய் வருகிறது: திறந்தவெளியில் கிடக்கும் மனித மலத்தைத் தின்பதால். ஆக, பன்றிக்கு நோயைக் கொடுப்பவனும் மனிதன், பக்கத்து மனிதனுக்குக் கொடுப்பவனும் மனிதனே.

3. நாங்க சுத்த சைவம். எங்க பையனுக்கு எப்படி வந்துச்சு?

மேலே சொன்ன இரண்டாவது வழியில். முட்டை வாய்க்குள் போவதற்குக் கறி தேவையில்லை. நாடாப்புழு உள்ள ஒருவர் கழிப்பறைக்குப் போய்விட்டு சோப்புப் போடாமல் சட்னி அரைத்தாலோ பழம் நறுக்கினாலோ போதும். அவருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது, தன் வயிற்றில் புழு இருப்பதே தெரியாது.

இதற்குப் பேர்போன உதாரணம் நியூயார்க் நகரில் நடந்தது. பன்றிக்கறியைத் தொடவே தொடாத வைதீக யூதக் குடும்பங்களில் வலிப்போடு வந்தவர்களுக்கு மூளையில் இந்தக் கட்டி இருந்தது. நோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்களின் குடலில் இருந்த நாடாப்புழுவே காரணம் என்ற முடிவுக்கு வந்த ஆய்வு 1992இல் வெளியானது. இதைப் படித்துவிட்டு வீட்டு வேலைக்கு வருபவரைச் சந்தேகப்படுவதில் நியாயமில்லை. விருந்தாளி, ஓட்டல் சமையல்காரர், வீட்டிலேயே உள்ள ஒருவர் என்று யார் குடலிலும் புழு இருக்கலாம்.

4. முட்டைக்கோஸ்ல இருக்கிற புழு மூளைக்கு ஏறிடுமாமே?

முட்டைக்கோஸில் கண்ணுக்குத் தெரிகிற பச்சைப் புழு, பட்டாம்பூச்சி அல்லது அந்துப்பூச்சியின் புழு. தெரியாமல் தின்றாலும் அது உணவாகச் செரித்துப் போகும். நாடாப்புழுவின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் 25இல் ஒரு பங்கை விடவும் சிறியது. கண்ணால் பார்த்துப் பொறுக்கி எடுக்க முடியாது.

ஆனாலும் இந்த வதந்தியில் கொஞ்சம் உண்மை ஒளிந்திருக்கிறது. சாக்கடை நீர் பாயும் வயலிலும், திறந்தவெளி மலம் கழிக்கும் இடத்தை ஒட்டிய தோட்டத்திலும் விளையும் எந்தக் கீரை, காயிலும் முட்டை ஒட்டியிருக்கலாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெள்ளரி, கேரட் ஆகியவற்றில்தான் கவலை. வதக்கிய முட்டைக்கோஸ் பொரியலில் கவலைப்பட ஒன்றுமில்லை.

5. உப்புத் தண்ணியில இல்ல வினிகர்ல ஊற வெச்சா முட்டை செத்துடுமா?

சாகும் என்று நம்ப முடியாது. ஓடு கெட்டியானது. வீட்டில் நாம் போடும் உப்பு, வினிகர், மஞ்சள், குடிநீரில் போடும் குளோரின் எதுவும் உறுதியாகக் கொல்லாது. ஈரமான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் பொருள் அது. உங்கள் வேலை கொல்வது இல்லை, கழுவித் தள்ளுவது. கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோஸின் வெளி அடுக்குகளை எறிந்துவிடுங்கள். பச்சையாகத் தின்பதானால் தோல் சீவுங்கள். வேகவைத்தால் செத்துவிடும். குடிநீரைக் கொதிக்க வைத்தால் போதும்.

6. பன்றிக்கறி எப்படிச் சமைச்சா பயம் இல்ல? ஃப்ரீசர்ல வெச்சா போதுமா?

குக்கரில் வைத்த கறியிலும், நன்றாகக் கொதித்த குழம்பிலும் இளம்புழு பிழைக்காது. தவறு நடப்பது பெரிய துண்டை வெளியே கருக்கி உள்ளே சிவப்பாக விடும்போதும், அவசரத்தில் வறுக்கும்போதும், நெருப்பில் சுடும்போதும். தெர்மாமீட்டர் இருந்தால் துண்டின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், இறக்கி 3 நிமிடம் விட வேண்டும். கொத்துக்கறிக்கு 71 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் நடுவில் வெட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு துளியும் இருக்கக் கூடாது.

உறைய வைத்தும் கொல்லலாம்: கழித்தல் 5 டிகிரியில் 4 நாள், கழித்தல் 15இல் 3 நாள், கழித்தல் 24இல் 1 நாள். இந்தக் கணக்கு கறியின் நடுப்பகுதி அந்தக் குளிரை எட்டிய பிறகுதான் தொடங்கும். மின்வெட்டு உள்ள ஊரில் வீட்டு ஃப்ரீசரை அவ்வளவாக நம்ப வேண்டாம். ஒரு வாரம் வைத்தாலும் பிறகு நன்றாக வேகவிடுங்கள். உப்புக்கண்டம் போடுவதும் புகையில் வாட்டுவதும் நம்பத்தக்க வழிகள் இல்லை.

வெட்டும்போதே பார்க்கலாம். நோயுள்ள கறியில் தசைநார்களுக்கு நடுவே, ஊறவைத்த ஜவ்வரிசி போல 5 முதல் 10 மில்லிமீட்டரில் வெள்ளையான நீர்ப்பைகள் இருக்கும். ஒன்று தெரிந்தாலும் அந்தக் கறி வேண்டாம். ஒன்றும் தெரியவில்லை என்பதால் சுத்தம் என்று ஆகிவிடாது. குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

7. மாட்டுக்கறியில வராதா?

மாட்டுக்கறி வழியாக வரும் நாடாப்புழு தனி இனம். அதுவும் குடலில் வளரும், பன்றியுடையதை விட நீளமாகவும் இருக்கும். அதன் துண்டுகள் தாமாகவே ஆசனவாய் வழியாக ஊர்ந்து வெளியே வருவதால் ஆட்கள் பயந்துபோய் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். ஆனால் அதன் முட்டை மனிதனின் மூளையில் கட்டியாகாது. அந்த ஆபத்து பன்றி இனத்துக்கே உரியது.

8. வயித்துல நாடாப்புழு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரும்பாலும் அறிகுறி இருக்காது. சிலருக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல். நம்பகமான அடையாளம் மலத்தில் வரும் தட்டையான வெள்ளைத் துண்டு. பார்த்தால் குச்சியால் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டு போங்கள். கையால் தொடாதீர்கள், எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மலப் பரிசோதனையில் ஒரு சிக்கல். முட்டை தினமும் வெளியேறாது, ஒரு நாள் மாதிரியில் தெரியாமல் போகலாம், அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கேட்பார்கள். இன்னொன்று, நுண்நோக்கியில் பன்றி இனத்தின் முட்டையும் மாட்டு இனத்தின் முட்டையும் ஒரே மாதிரி இருக்கும். துண்டோ தலையோ கிடைத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். எனவே தெரியாத நிலையில் பன்றி இனம் என்றே வைத்துக்கொண்டு கவனமாக இருப்பது நல்லது.

9. ஸ்கூல்ல குடுக்கிற பூச்சி மாத்திரை போட்டா இதுவும் போயிடும்ல?

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒற்றை மாத்திரை உருளைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. அது தேவையானதுதான், தவிர்க்காதீர்கள். ஆனால் ஒரே ஒரு மாத்திரை நாடாப்புழுவை உறுதியாக நீக்காது. குடல் நாடாப்புழுவுக்கு நிக்லோசமைடு (பெரியவர்களுக்கு ஒரே முறை 2 கிராம்) அல்லது பிராசிகுவான்டல் (உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், ஒரே முறை) தருவார்கள்.

இரண்டில் ஒரு வித்தியாசம் உண்டு. நிக்லோசமைடு குடலைத் தாண்டி உடலுக்குள் போவதில்லை. பிராசிகுவான்டல் இரத்தத்தில் கலந்து மூளையை எட்டும். மூளையில் தெரியாமல் கட்டி உள்ளவருக்கு அதனால் வலிப்பு தூண்டப்படலாம். முன்பு வலிப்போ, விடாத தலைவலியோ இருந்திருந்தால் மாத்திரை போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

10. திடீர்னு ஒரு தடவை ஃபிட்ஸ் வந்துச்சு. ஸ்கேன்ல ஒரு புள்ளி இருக்கு, டிபியா புழுவான்னு பார்க்கணும்னு சொல்றாங்க. ஏன் இந்தக் குழப்பம்?

இரண்டுமே ஸ்கேனில் வளையம் போலத் தெரியும். ஒரு காலத்தில் இந்தியாவில் இப்படிப்பட்ட சிறு புள்ளிகளைக் காசநோய்க் கட்டி என்றே எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அவற்றை அறுவைசெய்து எடுத்துத் திசுவைச் சோதித்ததில் பெரும்பாலானவை புழுக்கட்டி என்று தெரிந்தது. 1989இல் இதை வெளியிட்டார்கள். தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும் மூளை அறுவையிலிருந்தும் ஏராளமானோர் தப்பித்தது அதன் பிறகுதான்.

இப்போது பார்ப்பவை: கட்டி 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, மூளையின் நடுக்கோடு தள்ளப்படாமல் இருக்கிறதா, நோயாளிக்கு மூளை அழுத்தமோ கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போவதோ இல்லையா. இவை பொருந்தினால் புழுவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐ.யில் நீர்ப்பைக்குள் புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை. இரத்தப் பரிசோதனையும் உண்டு, ஆனால் ஒற்றைக் கட்டி உள்ளவர்களிடம் அது தவறாக ‘இல்லை’ என்று காட்டுவது சாதாரணம்.

வேலூர் மாவட்டத்தில் பின்னர் நடந்த ஆய்வில், வலிப்புநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புழுக்கட்டியே காரணமாக இருந்தது. நோய் பரவலாக உள்ள பகுதிகளில் வலிப்பின் 30 சதவீதம் இதனால் வருகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையொட்டியே இருக்கிறது.

11. புழுன்னு தெரிஞ்சதும் கொல்ற மாத்திரையைத் தராம ஸ்டீராய்டு குடுக்கிறாங்களே, அது சரியா?

சரி. உயிரோடு இருக்கும் புழுக்கட்டி நம் எதிர்ப்பு சக்தியை ஏமாற்றிச் சத்தமில்லாமல் இருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் சுற்றிலும் வீக்கம் வந்து வலிப்பு ஏற்படுகிறது. மருந்தால் ஒரே நேரத்தில் பல புழுக்களைக் கொன்றால் வீக்கம் பல மடங்காகும். மூளை ஏற்கெனவே வீங்கியிருந்தாலோ, நீர் வடியாமல் தேங்கியிருந்தாலோ அது உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் வலிப்பைக் கட்டுப்படுத்துவார்கள், வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டைத் தொடங்குவார்கள், அதன் பிறகே புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல்.

அதற்கும் முன்பு கண்ணைச் சோதிப்பார்கள். கண்ணுக்குள் கட்டி இருந்து அது மருந்தால் செத்தால், வீக்கத்தில் பார்வை போய்விடலாம். ஸ்டீராய்டு, மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடும் என்பதால் அதையும் பார்ப்பார்கள். மருந்துக்கடையில் அல்பெண்டசோல் எளிதாகக் கிடைக்கிறது என்று தானாக வாங்கிப் போடக் கூடாது என்பதற்குக் காரணங்கள் இவைதான்.

ஒன்றிரண்டு கட்டி உள்ளவர்களுக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, 10 முதல் 14 நாள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால் மருந்து நன்றாக ஏறும், வெறும் வயிற்றில் போட்டால் பாதி வீண். இரண்டுக்கு மேல் உயிருள்ள கட்டி இருந்தால் பிராசிகுவான்டலையும் சேர்ப்பார்கள்.

12. கட்டி சுண்ணாம்பு ஆயிடுச்சுன்னு ரிப்போர்ட்ல இருக்கு. இனிமே எல்லா மாத்திரையும் நிறுத்திடலாமா?

சுண்ணாம்பாகிவிட்டது என்றால் புழு செத்துவிட்டது. புழுவைக் கொல்லும் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் அந்தத் தழும்பு வலிப்பைத் தொடர்ந்து உண்டாக்கலாம். ஆகவே வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டி முழுதும் கரைந்து, சில மாதங்களாக வலிப்பே வராதவர்களுக்கு மருத்துவர் சீக்கிரம் குறைத்து நிறுத்துவார். சுண்ணாம்புத் தழும்பு உள்ளவர்களுக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையான வலிப்பு வரலாம்.

13. ஃபிட்ஸ் வரும்போது கையில சாவிக்கொத்து குடுக்கணுமா?

வேண்டாம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் இரும்பைக் கொடுத்ததால் நின்றது போலத் தோன்றும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், அருகில் இருக்கும் கூர்மையான பொருட்களை விலக்குங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108ஐ அழையுங்கள்.

14. எனக்கு மூளையில கட்டி இருக்கு. வீட்டுல மத்தவங்களுக்கு என்கிட்ட இருந்து தொத்துமா?

மூளைக் கட்டியிலிருந்து யாருக்கும் தொற்றாது. எச்சில், தட்டு, படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம். ஆனால் உங்களுக்கு முட்டை யாரிடமிருந்தோ வந்திருக்கிறது, அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். உங்கள் குடலிலேயே புழு இருந்து, உங்கள் கையாலேயே உங்களுக்கு வந்திருக்கவும் கூடும். எனவே வீட்டில் உள்ள எல்லாரும், சமைப்பவர் கட்டாயமாக, 8ஆம் பதிலில் சொன்ன மலப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

எப்போது வந்தது என்று தேதி தேட வேண்டாம். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கவனித்ததில், பெரும்பாலானோருக்கு ஏழு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்தது, சிலருக்கு அதற்கும் வெகுகாலம் கழித்து. போன வாரம் சாப்பிட்ட ஓட்டலைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

15. நாய் வளர்த்தா ஈரல்ல நீர்க்கட்டி வருமாமே?

இது வேறு நாடாப்புழு. நாயின் குடலில் வாழும், நீளம் சில மில்லிமீட்டர் மட்டுமே. நாயின் மலத்தில் வரும் முட்டை ஆடு, மாடு, பன்றிக்குள் போய் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாகிறது. அந்த உறுப்பை நாய் பச்சையாகத் தின்றால் சுற்று முழுமையாகிறது. மனிதன் தற்செயலாக இடையில் சிக்குகிறான். கட்டி ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும். பெரும்பாலும் ஈரலில், அடுத்தபடியாக நுரையீரலில்.

சமைத்த சோறு, கடைத் தீவனம் தின்று வீட்டோடு இருக்கும் நாயால் ஆபத்து குறைவு. கறிக்கடை வாசலில் எறியும் பச்சை ஈரலையும் நுரையீரலையும் தின்னும் நாய்தான் பிரச்சினை. கறிக்கடைக்காரர் நீர்க்கட்டி உள்ள உறுப்பை நாய்க்குப் போடாமல் புதைத்தாலோ எரித்தாலோ சுற்று அங்கேயே அறுந்துவிடும். உங்கள் நாய் வெளியே அலைவதானால், ஆண்டுக்கு நான்கு முறையாவது கால்நடை மருத்துவரிடம் கேட்டு பிராசிகுவான்டல் கொடுங்கள். மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. மருந்து கொடுத்த பிறகு வரும் மலத்தைக் கையுறையோடு எடுத்துப் புதையுங்கள்.

16. நீர்க்கட்டிதானே, ஊசி குத்தி உறிஞ்சி எடுத்துட வேண்டியதுதானே?

ஆயத்தம் இல்லாமல் குத்தினால் உள்ளிருக்கும் திரவம் வயிற்றில் சிந்தும். கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம், சிந்திய இடமெல்லாம் புதுக் கட்டிகள் முளைக்கலாம். ஊசி வழியிலான சிகிச்சை உண்டு: குத்தி, உறிஞ்சி, புழுக்கொல்லித் திரவத்தைச் செலுத்தி, மறுபடி உறிஞ்சுவார்கள். அதை அல்பெண்டசோல் பாதுகாப்போடு, அதிர்ச்சியைச் சமாளிக்கும் வசதியுள்ள இடத்தில், அதற்கு ஏற்ற நிலையிலுள்ள கட்டிக்கு மட்டும் செய்வார்கள். அல்ட்ராசவுண்டில் கட்டியின் நிலையைப் பார்த்தே மருந்தா, ஊசியா, அறுவையா என்று முடிவாகும். செத்துச் சுருங்கிய கட்டியை ஒன்றும் செய்யாமல் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டே இருப்பதும் முறையான சிகிச்சைதான்.

17. நாங்க பன்றி வளர்க்கிறோம். தடுப்பூசி இருக்கா?

இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியில் உருவான தடுப்பூசியை ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் தயாரிக்கிறது. சில வார இடைவெளியில் இரண்டு ஊசி. புதுத் தொற்றைத்தான் அது தடுக்கும், தசையில் ஏற்கெனவே இருக்கும் கட்டியைக் கொல்லாது. அதற்கு ஆக்ஸ்ஃபெண்டசோல், கிலோவுக்கு 30 மில்லிகிராம், வாய்வழியாக ஒரே முறை. மருந்து கொடுத்தவுடன் அறுக்கக் கூடாது. எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது மருந்துச் சீட்டில் இருக்கும். கட்டி செத்த பிறகும் கறியில் சில வாரம் அடையாளம் நிற்கும்.

இதையெல்லாம் விட முக்கியம் பட்டி. பன்றி வெளியே மேயக் கூடாது, பட்டியில் வேலை செய்பவர்களுக்குக் கழிப்பறை இருக்க வேண்டும். கழிப்பறைக் கழிவு பட்டிக்குள் வடிந்தால் ஊசி போட்டும் பயனில்லை.

18. இவ்வளவு தெரிஞ்சும் ஏன் ஒழிக்கல?

உலகச் சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் பன்றி நாடாப்புழு நோயும், நாய் வழியாக வரும் நீர்க்கட்டி நோயும் உள்ளன. பாதிக்கப்படுவது கழிப்பறை இல்லாத ஏழைகள். மருந்துகள் மலிவானவை, லாபம் இல்லாததால் நிக்லோசமைடு பல இடங்களில் எளிதில் கிடைப்பதில்லை. பன்றி கால்நடைத் துறையின் பொறுப்பு, வலிப்பு சுகாதாரத் துறையின் பொறுப்பு, கழிப்பறை உள்ளாட்சியின் பொறுப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

செய்தால் முடியும் என்று பெருவின் தும்பேஸ் பகுதி காட்டியிருக்கிறது. அங்கே ஆட்களுக்கு நிக்லோசமைடு, பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் ஒரே நேரத்தில் கொடுத்து, 107 கிராமங்களில் 105இல் பரவலை நிறுத்தினார்கள். 2016இல் வெளியான ஆய்வு அது.

19. நான் கர்ப்பமா இருக்கேன், ஸ்கேன்ல புழுக்கட்டின்னு சொல்லிட்டாங்க. குழந்தைக்கு வருமா?

கட்டியின் புழு தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதாக அஞ்ச வேண்டியதில்லை. புழுவைக் கொல்லும் மருந்தைப் பொதுவாகப் பிரசவம் வரை தள்ளிவைப்பார்கள். அதற்குப் பொதுவாக அவசரம் இருப்பதில்லை. வலிப்பைத் தள்ளிவைக்க முடியாது, அது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. வலிப்பு மருந்துகளில் சில, முக்கியமாக வால்ப்ரோயேட், சிசுவைப் பாதிக்கும். எனவே கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மாத்திரைப் பெயரோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மாற்றித் தருவார். பயந்து நீங்களே நிறுத்தினால் 12ஆம் பதிலில் சொன்ன கதைதான்.